அண்ணனுக்கு மிஞ்சிய சொல்

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். தெற்கே பல்லடம் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குக் காற்று மட்டும்தான் வந்தது, மழை வரவில்லை. கீழே மருமகளின் தையல் மெஷின்கள் ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்ததால், மாடிக் கூடத்தில் நான் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். இருபது நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தேன். ஏழு வீண்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு தட்டுத்தடுமாறி சமஸ்கிருதம் படித்தேன். பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் உபநிடதங்களும் கீதையும் சொல்லி வந்தேன். கட்டணம் கிடையாது. அன்றைக்கு எடுத்துக்கொண்டது, பரம்பொருளை இன்னது என்று சொல்ல முடியாது, இன்னது அல்ல என்று விலக்கிக்கொண்டே போகத்தான் முடியும் என்கிற இடம். 'நேதி, நேதி.' இதுவும் அல்ல, இதுவும் அல்ல. கண் பார்ப்பது அல்ல, காது கேட்பது அல்ல, மனசு நினைப்பதும் அல்ல. எல்லாவற்றையும் தள்ளிய பிறகு தள்ள முடியாமல் எது நிற்கிறதோ அது.

அப்போது பக்கத்து அறையிலிருந்து என் அண்ணன் கத்தினார்: "ரிஜெக்ட்!"

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்து நாலு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்ப்பார். குறை இருந்தால் 'ரிஜெக்ட்' என்று சொல்லி எறிவார். கீழே வைக்க மாட்டார், எறியத்தான் செய்வார். தைத்த பெண்ணின் மடியில் போய் விழும். எத்தனையோ பெண்களை அழ வைத்திருக்கிறார்.

சாமி கிடையாது, சடங்கு சாங்கியம் கிடையாது. அந்த விஷயத்தில் அவருக்கு வாய் ரொம்ப மோசம். என் மனைவி இறந்து பதினோராம் நாள், செத்தவர்கள் தாண்ட வேண்டிய நரக ஆற்றைப் பற்றி வீட்டில் ஒருவர் புராணம் வாசித்துக்கொண்டிருந்தார். உறவு முழுக்கக் கூடியிருந்தது. அண்ணன் நடுவில் நின்று, "ஏனுங்க, எங்க தம்பி ஊட்டுக்காரி அந்த ஆத்தைத் தாண்டிட்டாளா, இல்ல டோக்கன் வாங்கிட்டு இன்னும் வரிசைல நிக்கறாளா?" என்று கேட்டார். சிலர் சிரித்துவிட்டார்கள். யார் யார் என்று எனக்கு இன்னும் தெரியும். ஐந்து பேர்.

கீதையில் உடம்பைத் துணிக்கு ஒப்பிடும் இடத்தைத்தான் அவர் அதிகம் கேலி செய்வார். கிழிந்த துணியைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல ஆத்மா உடம்பை மாற்றிக்கொள்கிறது என்று நான் ஒருமுறை சொன்னபோது, "அப்பப் பழசு?" என்றார். "நம்மூர்ல கட்டிங் வேஸ்ட்டுக்கே கிலோவுக்கு ரேட்டு இருக்குது. உன்ற ஆத்துமா பழசைச் சும்மா கொளுத்திட்டுப் போகுதாக்கும். நான் என்னதைக் காலேஜுக்குப் போடறேன். படிக்கற பசங்க பிரிச்சுப் பாக்கட்டும்."

சொன்னதைச் செய்தார். மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் எழுதிக் கொடுத்தார். நான்தான் சாட்சிக் கையெழுத்து. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, "டேய், நான் போனப்பறம் நெத்தியில துளி துன்னூறு பட்டுதுன்னா எந்திரிச்சு ஒதைப்பேன்," என்றார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. பேச்சில் ஒரு சொல் மட்டும் தங்கியது. தண்ணீர் வேண்டும் என்றாலும் 'ரிஜெக்ட்', வேண்டாம் என்றாலும் 'ரிஜெக்ட்'. சிலருக்கு இப்படி ஒரே சொல் மிஞ்சுவது உண்டு என்றார் டாக்டர். "நாம சொல்றது அத்தனையும் அவருக்குப் புரியுங்க. திருப்பிச் சொல்லத்தான் வராது," என்றும் சொன்னார்.

அது எனக்கு வசதியாகப் போயிற்று. தினமும் காலையில் கட்டிலருகே உட்கார்ந்து அரை மணி நேரம் கீதை வாசித்தேன். இத்தனை வருடம் தன் முன்னால் என்னை வாசிக்கவிடாதவர். இப்போது எழுந்து போக முடியாது. காதைப் பொத்திக்கொள்ள ஒரு கை போதாது. ஒவ்வொரு சுலோகத்துக்கும் "ரிஜெக்ட்" என்பார். நான் அடுத்த சுலோகத்துக்குப் போவேன். எழுநூறையும் வாசித்தேன். எழுநூறையும் தள்ளினார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சத்தம் வந்ததும் வகுப்பில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் ஒரு மணி நேரமாகச் சொல்வதை அண்ணன் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்," என்றேன். கேலிக்குத்தான் சொன்னேன். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். பதின்மூன்றாவது ஆள், ஒரு சாயப்பட்டறை முதலாளியின் மனைவி, சிரிக்கவில்லை. எழுந்து அறைக்குள் போய் அண்ணன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அந்த அம்மா பிடித்தது செத்துப்போன வலது கால். "ரிஜெக்ட்! ரிஜெக்ட்!" என்று கத்தினார்.

அந்த அம்மா அழுதுகொண்டே வெளியே வந்தார். "ரெண்டு தடவை சொன்னாருங்க சாமி. நேதி, நேதிங்கறதும் ரெண்டு தடவைதானுங்களே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது, இரண்டு தடவைதான்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை அறுபத்தொரு பேர். நாற்காலியை நிறுத்திவிட்டுச் சமுக்காளம் விரித்தோம். காதர்பேட்டைக் கடைக்காரர்கள் வந்தார்கள், பொங்கலூரிலிருந்து கோழிப்பண்ணைக்காரர்கள் வந்தார்கள். வகுப்பு முடிந்ததும் வரிசையாக அண்ணன் அறைக்குப் போவார்கள்.

"சாமி, பொண்ணுக்கு அந்த ஈரோட்டு வரனை முடிச்சுப்போடலாமுங்களா?"

"ரிஜெக்ட்."

அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

"புதுசா ஒரு ஷெட்டுப் போடலாம்னு இருக்கறனுங்க."

"ரிஜெக்ட்."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்," என்று பண்ணைக்காரர் திருப்தியாக எழுந்து போனார்.

சால்வை போர்த்தினால் அண்ணனின் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழக்கத்தில் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் நிற்கும். "ரிஜெக்ட்" என்பார். சால்வை கொண்டுவந்தவர், தன் மனசில் கிடந்த குறையைச் சாமி கண்டுபிடித்துவிட்டதாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் தையல் விட்டிருந்தது.

நெற்றியில் திருநீறு வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. 'போனப்பறம்' என்றுதானே சொன்னார், இன்னும் போகவில்லையே என்று ஒரு வாதம் கைவசம் இருந்தது. அவர் இடது கையால் அழிப்பார், மறுபடி வைப்பார்கள். கண்ணிலிருந்து நீர் வழியும். ஆனந்தக் கண்ணீர் என்றார் சாயப்பட்டறை அம்மா. பதினோரு வருடம் வராத கூட்டம் என் வகுப்புக்கு வந்திருந்தது. அயர்ன் மாஸ்டரும் கட்டிங் மாஸ்டரும் வேலை முடிந்து வந்து உபநிடதம் கேட்டார்கள். அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

படுத்திருப்பவரைச் சேவிக்கக் கூடாதாம். சாயப்பட்டறை அம்மா உயரமான முதுகு வைத்த தேக்கு நாற்காலி ஒன்றை அனுப்பினார். அண்ணன் சாய்ந்துவிடாமல் இருக்க, நெஞ்சைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டினோம். முதலில் சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம். பிறகு தினமும் சாயங்காலம் நாலு மணி நேரம்.

அண்ணனைக் குளிப்பாட்டித் துடைப்பது மருமகள். "மாமா, முதுகுத்தண்டு முடியற எடத்துல செவந்துருக்குதுங்க. உக்கார வெக்காதீங்க. காத்துப் படுக்கைன்னு ஒண்ணு இருக்குதாமா, அதுல படுத்தா அமுங்காதாமா," என்றாள். விலை விசாரித்தும் வந்திருந்தாள். மூவாயிரத்து அறுநூறு. புரட்டாசி முடியட்டும் என்றேன். முடிந்தது. தீபாவளி முடியட்டும் என்றேன். அண்ணன் முன்னால் வைத்திருந்த தட்டில் விழுந்த பணத்தில் கூடத்துக்கு இரண்டு மின்விசிறி மாட்டினோம்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள், வகுப்புக்குச் சற்று முன்னால் வந்து நின்றாள். "மாமா, இன்னிக்கு வெரல் உள்ள போகுதுங்க." ஆள்காட்டி விரலில் ஒரு கணு வரை கட்டைவிரலால் அளந்து காட்டினாள். கீழே ஆட்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மட்டும் என்றேன்.

அன்று நான் பேசியது, உடம்பு வேறு, உள்ளே இருப்பவன் வேறு என்பது. உடம்பை வெட்டலாம், எரிக்கலாம். உள்ளே இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது. நன்றாகப் பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அண்ணன் எனக்கு இடப்பக்கம், புண்ணின் மேல் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. சமாதி நிலை என்று பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் போனபின் மருமகள் புண்ணில் மருந்துத் துணி மாற்றினாள். அண்ணன் போட்ட சத்தத்தில் கீழே மெஷின்கள் நின்றுவிட்டன. அவள் கை கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"உள்ள இருக்கறவரு வேறயா இருந்தா, இப்பக் கத்துனது யாருங்க மாமா?"

இதற்குச் சாஸ்திரத்தில் விடை இருக்கிறது. எனக்குத் தெரிந்தே மூன்று விடைகள். மூன்றும் சரியானவை.

மறுநாள் தேக்கு நாற்காலியைத் திருப்பி அனுப்பினேன். சாயப்பட்டறை அம்மா வாசலுக்கு வந்து, "சாமியை உங்க சொத்துன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றுப் படுக்கை வந்தது. புண் அதற்குக் காத்திருக்கவில்லை. சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டு, கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை மாலை அண்ணன் இறந்தார். கடைசி ஆறு நாள் அந்த ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுலோகம் சொல்லி நிறுத்திப் பார்த்தேன். பதில் வராமல் என்னால் அடுத்ததற்குப் போக முடியவில்லை.

அவர் கேட்டதை இப்போதாவது செய்துவிடுவது என்று இருந்தேன். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். திருநீற்றோடு வந்த பதினேழு பேரைத் திருப்பி அனுப்பினேன். புது வேட்டி வாங்கி உடுத்தினோம். அப்போது அந்தத் துணிச் சுலோகம் ஞாபகம் வந்தது. களைந்த துணியை ஆத்மா திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், அதைப் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுப்பதில் என்ன தப்பு? அதன்படி நடக்கத் துணிந்தவர் அண்ணன்தான். நான் பதினோரு வருடம் அதற்கு அர்த்தம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆம்புலன்ஸில் நானும் மருமகளும் போனோம். கல்லூரியில் ஓர் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். அண்ணனைப் புரட்டிப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"பெரியவரே, தப்பா நெனச்சுக்காதீங்க. சீழ் புடிச்ச படுக்கைப் புண்ணு இருந்தா நாங்க எடுக்கறதில்லீங்க."

"அவரே எழுதிக் கொடுத்ததுங்க. சாட்சி நான்தான்," என்றேன்.

"அது செரிங்க."

உள்ளேயிருந்து யாரோ, என்னாச்சு என்று கேட்டார்கள். ஊழியர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ரிஜெக்டுங்க சார்!"

மருமகள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். தோள் குலுங்க, அடக்க முடியாமல், அவிநாசி வரை சிரித்தாள். "மன்னிச்சுக்குங்க மாமா," என்பாள். அண்ணன் கிடந்த பக்கம் பார்ப்பாள். மறுபடி சிரிப்பாள்.

வண்டி டிரைவர் யாருக்கோ போன் செய்திருக்கிறார். மின்மயானத்துக்கு நாங்கள் போவதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எண்பது பேருக்குக் குறையாது. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். சாயப்பட்டறை அம்மா வெள்ளிக் கிண்ணத்தில் திருநீற்றோடு முன்னால் நின்றார். சங்கு ஊதினார்கள். நான் குறுக்கே கை நீட்டினேன்.

"காலேஜுலயே வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. இன்னும் எதுக்குங்க வீம்பு?" என்று என் கையை மெதுவாக விலக்கினார்.

நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் பட்டை பட்டையாகப் பூசினார்கள். எழுந்து உதைப்பேன் என்றிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எழவில்லை.

செலவு முழுக்கத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. குளிர்பெட்டி வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. வேட்டி நானூற்றைம்பது. ஆம்புலன்ஸ் போக வர, காத்திருந்ததற்கும் சேர்த்து, ஏழாயிரத்து முந்நூறு. மயானத்துக்கு நாலாயிரம். காற்றுப் படுக்கை, பதினெட்டு நாள் உபயோகித்தது, மூவாயிரத்து அறுநூறு. ஆக மொத்தம் பதினேழாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.