கப்பலைத் திரும்ப இழுத்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்கு முதல் வேலை ஓசூரை அடுத்த பாகலூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். இங்கே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மற்றவர்களில் சிலர் கன்னடம், சிலர் தமிழ். விளையாடும்போது மூன்றும் கலந்து வரும். பாடம் மட்டும் தமிழில்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் கதை சொல்வேன். நம்மூர் நரிக் கதை, பூதக் கதைகளோடு, இங்கிலீஷ் புத்தகத்தில் படித்த கிரேக்க நாட்டுக் கதைகளும் உண்டு. அடுத்த வாரம் பிள்ளைகள் அவற்றைத் தங்கள் போக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். தொட்டதெல்லாம் பொன்னாகும் ராஜா கதையில், களி உருண்டை தங்கமானதும், "குழம்பு ஊத்தட்டுமா, வேணாமா?" என்று ராணி கேட்டதாக ஒரு பையன் சொன்னான். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

அந்த வருஷம் ஓசூரில் பள்ளிகளுக்குக் கதைப் போட்டி வைத்தார்கள். பள்ளிக்கு ஒருவர், தமிழில் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்க நானும் தலைமையாசிரியரும் உட்கார்ந்தோம். களி ராஜா கதை சொன்ன பையனைத்தான் அனுப்புவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

கடைசியாக ஒரு தெலுங்கு வீட்டுப் பெண் எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். சிக்கலான சுரங்க வழிக்குள் போய் அரக்கனைக் கொன்ற வீரனின் கதை. வழி தவறாமல் திரும்பி வர அவனுக்கு நூல்கண்டு கொடுத்தவள் ஒரு ராஜகுமாரி. அவளையே அவன் தீவில் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விடுவான். அந்த இடத்தில் கதை சொன்ன பெண்ணுக்குத் தமிழ் நின்றுவிட்டது. கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"தெலுங்குலயே சொல்லுடி, நான் சொல்றேன்" என்றாள் பக்கத்தில் இருந்த தமிழ்த் தோழி.

அவள் தெலுங்கில் தொடர, தோழி எழுந்து நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அவ அழுவல. நூலோட ஒரு முனை அவன் இடுப்புலயே மாட்டிக்கிட்டிருந்துச்சு. இன்னொரு முனை இவ கையில."

தெலுங்குப் பெண் இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, "லாகிந்தி" என்றாள்.

"இழுத்துட்டா. கப்பலே திரும்பி வந்துடுச்சு."

நான் சொன்ன கதையில் இது கிடையாது. வகுப்பே கைதட்டியது. நானும்தான்.

தலைமையாசிரியர் நெற்றியைச் சுருக்கினார். "ஏம்மா, ஒருத்தர்தான்னு போட்டிருக்காங்க. தமிழ்லதான்னு வேற போட்டிருக்காங்க. போதாததுக்குக் கதையையும் மாத்திட்டா."

"எனக்குப் பிடிச்சது இதுதாங்க சார். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போலாங்க."

புது டீச்சர் அப்படிப் பேசியது எனக்கே ஆச்சரியம். அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "பரிசு வராது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

ஓசூரில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். அதனால் கதை தெலுங்கில் வரும்போது ஒரு சிரிப்பலை; தோழி தமிழில் சொன்னதும் இன்னொன்று. நடுவர்களும் சிரித்தார்கள். ஆனால் விதிப்படி பரிசு வேறு பள்ளிக்குப் போனது. இரண்டு பெண்களும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

பஸ் வர நேரமானது. போட்டியைப் பார்த்த சிலர் அங்கேயும் நின்றிருந்தார்கள். "இன்னொரு தரம் சொல்லும்மா" என்று கேட்டார்கள். இருவரும் வெட்கமே இல்லாமல் ஆரம்பித்தார்கள். பெங்களூர் பஸ்ஸுக்கு நின்ற கன்னடக்காரக் குடும்பம் ஒன்று, ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே எங்கள் தலைமையாசிரியர் அவர்கள் பக்கம் திரும்பி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் காற்றில் கயிறு இழுத்து, கன்னடத்தில் "எளெதுபிட்ளு" என்றார். அந்தக் குடும்பமும் சிரித்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு நான் எத்தனையோ பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டேன். ஒரு பிள்ளை பாதியில் தடுமாறி நிற்கும்போதெல்லாம் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வராது. மீதியைச் சொல்லக்கூடியவர் பக்கத்திலேயே இருக்கலாம் என்று கொஞ்சம் காத்திருக்கிறேன், பெரும்பாலும் யாராவது எழுந்துவிடுகிறார்கள்.