ஏணியில் நின்றவள்

சிலமலையில் கிணறு வற்றி, இருந்த நிலமும் கைவிட்டுப் போன பிறகு மொக்கையன் போடிக்குக் குடிவந்தான். அது எழுபத்தெட்டாம் வருசம். ஊரில் விசாரித்தவர்களிடம் ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அவன் பார்த்தது கண்ணாடி துடைக்கிற சோலி.

அது தற்செயலாக அமைந்தது. அவன் மூட்டை தூக்கிய கடையில் முதலாளி புதிதாகக் கண்ணாடி ஜன்னல் போட்டிருந்தார். தெருத் தூசி படிந்து அது சாக்குத் துணி மாதிரி மங்கிக் கிடந்தது. முதுகு பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள், மொக்கையன் அதை ஈரத் துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தான். தெருவே கடைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. முதலாளி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்ல, அவர் மலையில் இருந்த தன் எஸ்டேட் பங்களாவுக்கு வரச் சொன்னார்.

தொழிலுக்குப் போட்ட முதல் என்று பார்த்தால் வீட்டு வாளி, கிழிந்த வேட்டி, வெள்ளையடிக்கிறவரிடம் இரவல் வாங்கிய மூங்கில் ஏணி. சைக்கிள் ட்யூபை நறுக்கிக் கட்டையில் ஆணியடித்து, தண்ணீர் வழிக்க ஒரு பலகை செய்தது அவன் மனைவி சுருளியம்மாள். ஆள் வைக்க வழியில்லாததால் அவளே கூட வந்தாள். உயரத்தில் அவனுக்குத் தலை சுற்றும், அவளுக்குச் சுற்றாது. ஆகவே ஏறுவது அவள், ஏணியைப் பிடிப்பது அவன்.

மலை வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. சொந்தக்காரர்கள் கண்ணில் படாமல் பிழைக்கலாம்.

ஒரு நாள் போடிமெட்டுக்கு மேலே ஒரு பங்களா. ஏலக்காய் உலர்த்தும் அடுப்பின் புகை படிந்து கண்ணாடியெல்லாம் கறுத்திருந்தது. சுருளியம்மாள் சேலைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டு, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு மாடி ஜன்னலில் நின்றாள். வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. இறங்கியவர் ராஜாராம். மொக்கையனின் பெரியப்பா மகளைக் கட்டியவர், சிலமலையில் வசதியான கை.

மொக்கையன் ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"என்ன மாப்ளே, இங்கிட்டு?"

"முதலாளி அனுப்புனாரு மச்சான். வேலைய மேப்பாக்கச் சொல்லி."

ராஜாராம் அண்ணாந்து பார்த்தார். "மேல நிக்கிறது யாரு, பொம்பளையா?"

"கூலிக்கு வந்தவ. மலைக்காரி."

மேலே துணி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. அவள் திரும்பவில்லை.

"நல்லாத்தான் தொடைக்கிறா. புது வீடு கட்டியிருக்கேன், பூராம் கண்ணாடிதான். பால் காய்ச்சுறதுக்கு முந்தி இவளக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு ராஜாராம் உள்ளே போனார்.

மதியம் சுருளியம்மாள் தன் பங்குச் சோற்றை எடுத்துக்கொண்டு, எஸ்டேட்டில் காய் எடுக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்தாள். மொக்கையன் கூப்பிட்டான்.

"கூலிக்கு வந்தவ எங்க உக்காந்து தின்னா என்ன?" என்றாள்.

அவ்வளவுதான். அவள் சண்டை பிடிப்பாள் என்று அவன் பதில்களைத் தயாராக வைத்திருந்தான். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

புது வீட்டு வேலைக்கு வரச்சொல்லி ராஜாராம் ஆள்விட்டபோது மொக்கையன் மழுப்பப் பார்த்தான். "வேலைன்னு கூப்புட்டா போகணும்ல" என்று அவளே கிளம்பினாள்.

சிலமலையில் அவள் சட்டையும் போடவில்லை, துண்டும் கட்டவில்லை. தெருப்பக்கத்து ஜன்னலில் ஏணியைச் சாத்தி ஏறினாள். சொந்தக்காரப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"தங்கச்சி, நீ ஏந்தாயி ஏறுற?" என்று பதறினார் ராஜாராம். "அந்த மலைக்காரி வரலையா?"

"நாந்தாண்ணே அவ."

ராஜாராம் மொக்கையனைப் பார்த்தார். மொக்கையன் தரையைப் பார்த்தான். நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லாமல், ஏணிக்காலைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான். பெரியப்பா மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சுருளியம்மாள் அந்த வீட்டின் ஒரு கண்ணாடியையும் விடாமல் துடைத்துவிட்டுத்தான் இறங்கினாள். சாப்பிடக் கூப்பிட்டபோது சொந்தக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது பஸ்சில் கூட்டம். அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவன் ரெண்டு டிக்கெட்டு கேட்டான்.

"இன்னொன்னு யாருக்கு?" என்றார் கண்டக்டர்.

"அந்தா, எம் பொண்டாட்டிக்கு!"

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டான். நாலைந்து பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத மனுசனிடம் வருகிற வாய், வரவேண்டிய இடத்தில் வரவில்லையே என்று நினைத்ததும் அவன் காது கூசியது.

தொழில் நிற்கவில்லை. சில வருசங்களில் போடிக் கடைத்தெருவில் பாதிக் கண்ணாடிகள் அவர்கள் கைக்கு வந்தன. புதிதாக எங்கே போனாலும், யாரும் கேட்பதற்கு முன்பே "இது என் சம்சாரம்" என்று அவன் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் வாளியில் துணியைப் பிழிந்துகொண்டிருப்பாள்.