வாலுக்குப் பின்னால் ஆள்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் அந்த அம்மாளுக்கு வாலக்கா என்று பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். சின்ன வயதில் அவள் செய்யாத சேட்டை கிடையாது. வீட்டில் எல்லாரும் வால், வால் என்றே கூப்பிட்டார்கள். பேரன் எடுத்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. இன்னொரு காரணம், ஊரார் வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் போகிற நெடுநடை. காலையில் கிளம்பி, வயல், காடு, குன்று என்று சுற்றி, சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேருவார்கள். அதில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கடைசியில் வருகிற ஆள் வாலக்காதான். அவளுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. வாலுக்கு அதுதான் சட்டம்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளே கிடையாது. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கண்ணை உருட்டுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்று கூசாமல் பொய் சொல்லிப் பழகிய வாய். மேட்டில் மூச்சு வாங்கி நிற்பவர்களிடம் அதே பொய்யை எடுத்துவிட்டால் போதும், எழுந்து நடப்பார்கள். என்ன ஒன்று, ஊர்க்கதை பேசிப் பேசி அவர்களைத் திரும்ப உட்கார வைப்பதும் இவள்தான்! போன வருஷம் அப்படித்தான் கும்மிருட்டில் வந்து சேர்ந்தாள். நடைக்குழுத் தலைவரான பெயிண்ட் கடைக்காரர் கடுப்பாகிவிட்டார்.

"இந்தத் தடவை வெளிச்சத்தோட வந்து சேரலைன்னா சட்டையைக் கழட்டிக் குடுத்துடுங்க. என் மச்சான் விசில் எல்லாம் வாங்கி ரெடியா இருக்கான்" என்றார்.

வாலக்காவுக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுக்க அவள் காத்திருப்பது இந்த ஒரு நாளுக்குத்தான். அதையும் ஒரு விசில்காரனுக்குத் தூக்கிக் கொடுப்பதா?

அந்த வருஷம் பார்த்து நடக்க வந்தாள் சம்பந்தியம்மா, அதாவது வாலக்காவின் மகளுடைய மாமியார். வீட்டு வாசலிலிருந்து கார்க் கதவு வரை நடந்தாலே அதிகம் என்கிற உடம்பு. கல்யாணத்திலிருந்து இருவரும் "சௌக்கியமா?" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. முதல் மேட்டிலிருந்தே உட்கார்ந்து உட்கார்ந்து வந்த அந்த அம்மாள், மதியத்துக்கு மேல் ஒரு பாறையில் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முன்னால் போய் மறைந்தது.

"எழுந்திருங்க சம்பந்தி. இன்னும் கொஞ்சம்தான்."

"பொய்! எனக்கு ரூட் கேனல் பண்ணும்போதும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் அரை நாள் குடைஞ்சாங்க!"

வாலக்கா திருதிருவென்று விழித்தாள். "அதான் அன்னிக்கு என் கையை அந்தக் கிள்ளு கிள்ளினீங்களா?"

"வேணும்னேதான் கிள்ளினேன்."

"எனக்கும் தெரியும். அதான் எச்சில் உறிஞ்சற குழாயை உங்க நாக்குலயே ஒட்ட விட்டேன்."

பிறகு பாருங்கள் ஒரு சிரிப்பு! பாறை குலுங்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்து, சிரித்துக்கொண்டே நடந்து, கண்ணில் நீர் முட்ட, மரத்தில் கட்டியிருந்த வழிகாட்டி அம்பைக் கவனிக்காமல் மாடு மேயும் புல்வெளிக்குள் இறங்கிவிட்டார்கள். சரிவில் சம்பந்தியம்மா வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போனாள். பிடிக்கப் போன வாலக்காவும் கூடவே சறுக்கினாள். கீழே போய் விழுந்து நிமிர்ந்தால், பாதிச் சுற்று மிச்சமாகி எதிரே பள்ளிக்கூட மைதானம்!

தலைவர் அப்போதுதான் டீ கேனைத் திறந்துகொண்டிருந்தார். "மத்தவங்கள்லாம் எங்கே?"

"பின்னால வர்றாங்க."

"வாலுக்குப் பின்னாலயா!" தலைவரே சிரித்துவிட்டார். "சரி விடுங்க, வெளிச்சத்தோட வந்துட்டீங்க. சட்டை உங்களுக்குத்தான். உட்கார்ந்து டீ குடிங்க."

சம்பந்தியம்மா ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு டீயை உறிஞ்சினாள். வாலக்காவுக்குத்தான் டீ இறங்கவில்லை. வழியெல்லாம் ஆட்கள், கடைசி ஆளுக்குப் பின்னால் யாருமே இல்லை. திரும்பிப் போனால் வருவதற்குள் இருட்டிவிடும், சட்டையும் போய்விடும். போகட்டும் என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் சம்பந்தியம்மா. விஷயத்தைக் கேட்டதும் முனகிக்கொண்டே ஷூவைத் தேடினாள். "இருங்க, நானும் வர்றேன். தனியா சிரிச்சா பைத்தியம்பாங்க."

எதிரே வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். "வால் முன்னால வருதே, தலை எங்கேக்கா?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே கொல்லென்று சிரித்தது. "உங்களுக்குப் பின்னால யாராவது உண்டா?" என்று வாலக்கா கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: "நீங்கதானே இருப்பீங்க?"

காட்டு இறக்கத்தில் பேங்க் கேஷியர் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். முட்டி வலி; இறக்கத்தில் அப்படி நடந்தால் வலி குறைவாம். வாலக்கா முதுகைத் தட்டியதும் அலறிவிட்டார்.

"இந்தப் பக்கமிருந்து வர்றீங்களே! மேலே பார்த்துக்கிட்டே வர்றேன், இதோ ஆரஞ்சு தெரியும், இதோ தெரியும்னு. நீங்க பின்னால இருக்கீங்கங்கற தைரியத்துலதான் எல்லாரையும் முன்னால போகச் சொன்னேன்."

வாலக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் சந்தோஷமாகவும் இருந்தது. அவரைத் தாண்டி மேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். கேஷியர் அவள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க, சம்பந்தியம்மா அவர் சட்டையைப் பிடித்து, "லெஃப்ட்ல ஒடிங்க, கல்லு, கல்லு!" என்று லாரியை ரிவர்ஸ் எடுப்பதுபோல வழிகாட்டினாள். மூவரும் சிரித்த சிரிப்பில் காடே அதிர்ந்தது.

மைதானத்து வாசலுக்கு வரும்போது இருட்டிவிட்டது. தலைவர் டார்ச்சோடு நின்றார். சட்டைக்காகக் கையை நீட்டினார். வாலக்கா சட்டைப் பொத்தானில் கை வைத்தாள்.

"கையை எடுங்க சம்பந்தி!" என்று அதட்டினாள் சம்பந்தியம்மா. தலைவர் பக்கம் திரும்பினாள். "வெளிச்சத்தோட வந்தாங்களா இல்லையா? நீங்கதானே டீ குடுத்தீங்க? முதல் ஆளாவும் வந்து, கடைசி ஆளாவும் வந்திருக்காங்க. உங்க மச்சான் வருவாரா இப்படி?"

"அடுத்த வருஷமும் நான் நடக்கணும்னா," என்றார் கேஷியர், "எனக்குப் பின்னால இவங்க இருக்கணும்."

தலைவர் நீட்டிய கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார். "சரி சரி, நீங்களே வெச்சுக்கங்க. உள்ளே வாங்க முதல்ல."

கேஷியர் உள்ளே போனார். சம்பந்தியம்மா நகரவில்லை. "நீங்க முன்னால போங்க சம்பந்தி, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"விளையாடாதீங்க. எனக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாது."

"நான் நிப்பேன்."

வாலக்கா அவள் முதுகில் இரண்டு கையையும் வைத்து, வாசலுக்குள் விட்டாள் ஒரு தள்ளு.