தலையாட்டி மாஸ்டர்

"இது எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்டால் தலையாட்டுவார். "இல்ல, அந்தக் கறுப்பு ஃபிரேம்தான் நல்லா இருந்துச்சோ?" என்றால் அதற்கும் தலையாட்டுவார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் அரையடி பின்தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டி முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணாடியில் வாங்க வந்தவரின் முகம் தெரியும். அதன் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் இவர் தலையும் தெரியும். கடை முதலாளிக்கு இந்தத் தலையால் நல்ல வியாபாரம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத தலை வேறு எந்தக் கடையில் கிடைக்கும்?

அவர் என் அக்காவின் கணவர். மச்சினிக்கு மாமாவைக் கிண்டல் செய்ய உரிமை உண்டு, அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. செய்தி வாசிப்பவருக்குத் தலையாட்டுவார். தொலைபேசியில் பேசும்போதும் தலையாட்டுவார்; மறுமுனையில் இருப்பவர் "ஹலோ, இருக்கீங்களா, இல்லியா?" என்று கத்திக்கொண்டிருப்பார். அக்கா சொல்வாள்: "இந்த மனுஷன்கிட்ட போய் உங்க வீட்டக் கொளுத்தட்டுமான்னு கேளு, அதுக்கும் மண்டைய ஆட்டுவாரு."

இந்த வியாதி மேடையில் வந்தது. பகலில் கண்ணாடிக் கடை என்றால் மாலையில் அவர் புல்லாங்குழல்காரர். விழாக்களுக்கும் விருந்துகளுக்கும் போகும் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆண்டுக்கணக்காக வாசித்தார். பாட்டு நடக்கும்போது புல்லாங்குழலுக்கு அங்கே என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. பாடகி ஒரு வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் மாமா சின்னதாக ஒரு துணுக்கு வாசிப்பார். 'பிட்' என்பார்கள். வாசித்து முடித்ததும் குழலை உதட்டிலிருந்து ஒரு விரல் கீழே இறக்கிக்கொண்டு, இடப்பக்கம் நிற்கும் பாடகியைப் பார்த்துத் தலையாட்டுவார். 'நீங்க பாடுங்க' என்று அர்த்தம். பாடகி பாடும்போது இவர் விரல்கள் மட்டும் துளைகளின் மேல் பாட்டோடு ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் இல்லாமல். தூரத்திலிருந்து பார்த்தால் வாசிக்கிறார் என்றே தோன்றும்.

அந்தப் பிட்டுகளை யார் கேட்டார்கள்? கைதட்டல் எல்லாம் பாடகிக்கு. ஒரே ஒருவர் கேட்டார். மைக்செட்காரர். எல்லோருடைய குரலுக்கும் எக்கோ கூட்டி வைப்பார் என்பதால் ஊரே அவரை எக்கோ என்று கூப்பிடும். குழல் வரும் இடம் அவருக்கு அத்துப்படி. சரியாக அந்த நொடியில் குழல் மைக்கின் ஒலித் திருகைக் கொஞ்சம் ஏற்றுவார், முடிந்ததும் இறக்குவார். மேடையிலிருந்து மாமா அவரைப் பார்ப்பார், அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்ததும் இருவரும் தெருமுனையில் நின்றபடி டீ குடிப்பார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் தலையாட்டுவார், மற்றவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாடகி வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டார், குழு கலைந்தது. மாமா பாவம், சாயங்காலமானால் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டிலிருக்கும் கண்ணாடிகளை எல்லாம் துடைத்து வைத்தார். அப்போதுதான் எங்கள் பகுதி நூலக மன்றத்தின் செயலாளர், படிக்கிற கண்ணாடி மாற்றிக்கொள்ளக் கடைக்கு வந்தார். ஃபிரேமைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஹால்ல ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க தனியா ஒரு மணி நேரம் வாசிக்கலாமே மாஸ்டர்?" என்றார். மாமா வழக்கம்போலத் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினோம் என்று செயலாளர் படியிறங்கிய பிறகுதான் உறைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது மனுஷனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மயில் நிறத்தில் சட்டை தைத்தாள். தெருவில் ஒரு வீடு விடாமல் கூப்பிட்டாள். "ஒரு தடவையாச்சும் முன்னாடி நில்லுங்க. யார் பின்னாடியோ நிக்கறதப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணே பூத்துப்போச்சு" என்றாள். மாமா தலையாட்டினார். "எறங்கி ஓடினீங்கன்னா புடிக்கறதுக்கு நான் வாசப்பக்கமா உக்காந்துக்கறேன்" என்றேன் நான். அதற்கும்.

கடைசியில் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்தேன். மேடையில் மாமா நடுவில், பின்னால் ஒரு கிட்டார், ஒரு ட்ரம்ஸ். பக்கவாட்டில் தன் பெட்டிகளோடு எக்கோ அண்ணன். முதல் பாட்டின் முகப்பை மாமா வாசித்தார் பாருங்கள், அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நானே ஒரு கணம் கிண்டலை மறந்தேன்.

முகப்பு முடிந்தது. இனிப் பல்லவி. மாமா குழலை உதட்டிலிருந்து ஒரு விரல் கீழே இறக்கினார். இடப்பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. அந்த யாருமில்லாத இடத்தைப் பார்த்து, பாடுங்க என்று தலையாட்டினார்.

கிட்டார் போகிறது, ட்ரம்ஸ் போகிறது, மாமாவின் விரல்கள் துளைகளின் மேல் ஓடுகின்றன, பாட்டைக் காணோம். கண்ணை மூடிச் சிரித்த முகத்தோடு நிற்கிறார். அவர் காதில் பாடகி பாடிக்கொண்டிருக்கிறார்! வரி முடிய வேண்டிய இடத்தில் அழகாக ஒரு பிட் வாசித்தார், மறுபடி இறக்கினார். எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண், "ஏண்டி, விட்டு விட்டுக் கேக்குது?" என்றாள். "மைக்கு போச்சு போல" என்றாள் பக்கத்தில் இருந்தவள். ட்ரம்ஸ்காரர் அது ஏதோ புதுப் பாணி என்று நினைத்தாராம். பிறகு சொன்னார்.

முன்வரிசையிலிருந்து செயலாளர் எழுந்தார். "யோவ் எக்கோ! மைக்குக்கு என்னய்யா ஆச்சு?" என்று கத்தியபடி மேடையேறினார். வாத்தியங்கள் நின்றன. மாமா கண்ணைத் திறந்தார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. எக்கோ அண்ணன் ஓடிவந்து மைக்கைத் தட்டிக் காட்டி, "ஹலோ, செக், செக்" என்றார். செயலாளர் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டார். "ரசிகப் பெருமக்கள் மன்னிக்கணும். மைக்செட்காரரோட கவனக்குறைவு. ஒரு கலைஞரோட முதல் தனிக் கச்சேரியையே கெடுத்துட்டாரு." அரங்கமே எக்கோ அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவர், "சார், மைக்கு நல்லா..." என்று ஆரம்பித்துவிட்டு மாமாவைப் பார்த்தார். செயலாளரும் பார்த்தார். "என்ன மாஸ்டர், மைக்குதானே?"

மாமா தலையாட்டினார்.

அதன் பிறகு எல்லாப் பாட்டையும் ஒழுங்காக வாசித்தார். கைதட்டல் நிறையவே கிடைத்தது. வாசலில் ஒவ்வொருவராக வந்து கையைக் குலுக்கி, "நீங்க பிரமாதம் மாஸ்டர், அந்த மைக்செட்காரன்தான் சொதப்பிட்டான்" என்றார்கள். ஒரு பாராட்டாவது எக்கோ அண்ணனைத் திட்டாமல் வரவேண்டுமே! அந்தப் பக்கம் அவர் தன் வயர்களைச் சுருட்டிக் கட்டி, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனார். அன்றைக்கு டீ இல்லை. அந்த வாரமே மன்றத்துக்கு வேறு மைக்செட் ஆள் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

வெட்கம் என்பது மனுஷனைத் தின்னும் என்று கேட்டிருக்கிறேன், அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். எக்கோ அண்ணனின் கடை இருக்கும் தெருவை விட்டு, சுற்றுவழியாக வேலைக்குப் போனார் மாமா. குழலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒருநாள் மாமாவின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். முகம் பார்க்கும் கண்ணாடியை வேறு மாதிரி சாய்த்துப் பிடித்திருந்தார். வாடிக்கையாளரின் முகம் மட்டும் தெரிந்தது. தன் முகம் அதில் விழாதபடி பார்த்துக்கொண்டார்.

இந்த நிலையில் செயலாளர் மறுபடியும் வந்தார். "போன தடவ மைக்கு கெடுத்துடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவ வாசிங்க. புது ஆளப் போட்டாச்சு, கவலைப்படாதீங்க." மாமா என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்று சாயங்காலம் கொல்லையில் அந்த மயில் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். நான் கொடியில் துணி எடுக்கப் போனேன்.

"சின்னவளே, மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும் மாமா."

"தெரியுமா?" சட்டை கையிலேயே நின்றது. "அந்தம்மா பாடறாங்கன்னு நின்னுட்டேன். சத்தியமா எனக்குக் கேட்டுச்சு."

"அது போகட்டும் மாமா, யாருக்கு வேணா வரும். ஆனா தலைய ஆட்டினீங்களே."

ஈவிரக்கமில்லாமல்தான் சொன்னேன். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வெக்கமா இருக்கு. சோத்துல கைவச்சா அவர் மூஞ்சிதான் தெரியுது" என்றார். சட்டையிலிருந்து நீர் சொட்டி அவர் வேட்டியெல்லாம் நனைந்தது.

மறுநாள் எக்கோ அண்ணனின் கடைக்குப் புறப்பட்டார். தனியாகப் போகத் தைரியம் இல்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எக்கோ அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாமா வாசலில் நின்றார், தொண்டையைக் கனைத்தார், பிறகு இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் பாட வேண்டுமாம்! எவ்வளவோ பேசுகிறவள், அன்றைக்கு வாயை இறுக மூடிக்கொண்டேன். பொறுத்துப் பார்த்தார். வேறு வழியில்லை.

"எக்கோ, தப்பு என்னுது. மைக்கு மேல ஒண்ணும் இல்ல."

எக்கோ அண்ணன் நிமிரவில்லை. "காதுல ஹெட்போன் போட்டிருந்தேன் மாஸ்டர். பாட்டு பூரா உங்க மூச்சு கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. செத்துப்போன மைக்குல மூச்சு கேக்குமா?"

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க தலைய ஆட்டிட்டீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திருகாணியைத் தேடி எடுத்து முடுக்க ஆரம்பித்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ஹாலுக்கு ஒரு எட்டு வாங்க" என்றார் மாமா. "எதுக்கு? இன்னும் கொஞ்சம் திட்டு வாங்கறதுக்கா?" என்றார் அவர்.

ஞாயிறு காலை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார் மாமா. அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "தெருவே வருதே! யாருக்கும் தெரியாதத நீங்களா மேடையேறிச் சொல்லணுமா? என் மானமும் சேந்துல்ல போகும்? பேசாம வாசிச்சுட்டு வாங்க. அவருக்கு வேற எடத்துல வேல கெடைக்காமயா போயிரும்?" என்று அழுதாள். மாமா அவளைப் பார்த்துத் தலையாட்டினார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக எக்கோ அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். செயலாளர், "போன முறை மைக் கோளாறால..." என்று ஆரம்பித்து நீட்டி முழக்கி, மாமாவை அழைத்தார். மாமா குழலை உறையிலிருந்து எடுக்காமலே மைக்குக்கு முன்னால் வந்தார்.

"போன தடவ மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "நான்தான் வாசிக்கல. பக்கத்துல பாடறவங்க இருக்காங்கன்னு பழக்கதோஷத்துல நின்னுட்டேன். கேட்டப்போ மைக்குன்னு தலையாட்டிட்டேன். பாவம், அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் இரண்டு மூன்று பேர். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமாவின் காது இரண்டும் சிவந்துபோயின.

செயலாளர் சும்மா இருப்பாரா? பாய்ந்து இன்னொரு மைக்கை எடுத்தார். "பாத்தீங்களா! ஒரு சாதாரண மைக்செட்காரருக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு! இதுதான்யா கலைஞன், இதுதான் பெரிய மனசு!" என்றார். சிரித்தவர்களே முதலில் கைதட்டினார்கள். அரங்கம் முழுக்கத் தட்டியது. அக்கா நிமிர்ந்தாள், கண்ணீரோடு சிரித்தாள். கதவோரத்தில் எக்கோ அண்ணன் வெளியே போகத் திரும்பினார்.

"அப்படித்தானே மாஸ்டர்?" என்றார் செயலாளர்.

கைதட்டல் அடங்கியது. எல்லோரும் அந்தத் தலையைத்தான் பார்த்தோம். மைக்கில் மாமாவின் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது, கதவோரம் வரைக்கும். எக்கோ அண்ணன் நின்றார்.

மாமாவின் தலை இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம், வலப்பக்கம், கடைசி வரிசைக்கும் தெரியும்படி.