பாராட்டு விழாவுக்கு வராத செல்வி

தாராவியில் எங்கள் பகுதிப் பெண்களுக்காக முதன்முதலில் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் தொடங்கிய டாக்டர் அம்மாவுக்கு, சென்ற மாதம் எங்கள் மகளிர் குழு பாராட்டு விழா நடத்தியது. கூட வருவதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுச் செல்வியை அழைக்கப் போனேன். மூன்று பிள்ளைகளின் தாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். சேலையெல்லாம் ரத்தம்.

“நாள் தள்ளிப் போச்சுக்கா. அவிய மெடிக்கல்ல கரு கலையுத மாத்திரை வாங்கியாந்து திங்கச் சொன்னாவ. யார்ட்டயும் சொல்லிராதீய,” என்றாள்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே குழுவுக்கு போன் செய்தேன். டாக்டர் அம்மா விழாவை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்ததாம். உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

வெளியே நின்ற செல்வியின் கணவரிடம் டாக்டர் அம்மா, “ஸ்கேன் பாக்காம மாத்திரை குடுத்திருக்கீங்களே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார்.

“பொம்பளைட்ட என்னத்தக் கேக்க?” என்றார் அவர்.

செல்வி பிழைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் எங்கள் சந்தில் யாருக்கு நாள் தள்ளிப் போனாலும் அன்றே நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். கணவர் வந்தால் என்னோடு வெளியே உட்கார வைத்துக்கொள்கிறேன். உள்ளே அவள் மட்டும் டாக்டரிடம் பேசட்டும்.