சிக்கல் எல்லைக்கல்லின் மறுபக்கம்

சூஃபியாவோடு ஸ்கூட்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்கு முன்னால் பொறுமையை மாட்டிக்கொள்ள வேண்டும். வழியில் பழைய கல் எதையாவது கண்டால் இறங்கிவிடுவாள். நானும் அவளும் ராமநாதபுரத்தில் ஒரே கல்லூரியில் வரலாறு நடத்துகிறோம்.

ஆறு வருடமாக அவள் எழுதும் ஆய்வேட்டின் வாதம் ஒன்றுதான்: ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த எல்லைப்புறக் கடற்கரை முழுவதும் பாண்டியன் ஆட்சிக்குள் வந்துவிட்டது. அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். பார்க்காமல் விட்டிருந்தது சிக்கல் என்ற ஊரில் ஒரு வயலில் நிற்கும் அந்தக் காலத்துக் கல்லை மட்டும். அதன் ஒரு முகத்தில் ஊர்த்தலைவன் ஒருவன் கண்மாய்க்கு நிலம் கொடுத்த செய்தி. மறுமுகம் மேட்டு வயல் மண்ணுக்குள். அங்கே பாண்டியனின் ஆட்சியாண்டு இருந்தால் இவள் ஜெயித்தாள். தலைவன் தன் சொந்த ஆட்சியாண்டைப் போட்டிருந்தால் ஆறு வருட உழைப்பும் போச்சு.

அந்தக் கல்தான் முனியசாமி, தங்கப்பாண்டி என்ற அண்ணன் தம்பி நிலங்களுக்கு எல்லை. இருவரும் பேசிப் பதினோரு வருடமாகிறது. மேட்டு வயல் அண்ணனுடையது என்பதால் தோண்டுவதற்கு அவரிடம் போய்க் கேட்டோம்.

"தோண்டுனா கல்லு என் பக்கம் சாயும். அவன் ஒரு சாண் உள்ள வந்துருவான்," என்றார் முனியசாமி.

கிளம்பலாம் என்றேன். இவளோ தங்கப்பாண்டி வீட்டுக்கே போய் அவரைக் கூட்டிவந்துவிட்டாள்! "அண்ணே, ஆளுக்கொரு பக்கம் நின்னு கல்லைப் பிடிச்சுக்கங்க. அசைஞ்சா உங்களுக்கே தெரிஞ்சுரும்ல?"

அடிதடிதான் என்று நினைத்தேன். ஒருவரை ஒருவர் நம்பாத அந்த இருவரும் கல்லைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். "ஏலே, ஒழுங்காப் பிடி," என்றார் அண்ணன். "நீ பிடி மொதல்ல," என்றார் தம்பி.

தோண்டிக் கழுவி, சூஃபியா மைதா மாவைத் தேய்த்தாள். வட்டெழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. அவள் விரல் வைத்து வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

பாண்டியன் பெயரே இல்லை. தலைவன் தன்னுடைய ஏழாம் ஆட்சியாண்டைத்தான் வெட்டி வைத்திருந்தான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஏய், போட்டோ எடுக்காத. ஒரு மாசம் கழிச்சுப் பாத்ததா வச்சுக்குவோம்," என்றேன்.

முனியசாமிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "மண்ணைத் தள்ளி மூடிரவா, தாயி?"

அதற்குள் அவள் மாவுக் கையோடு வழிகாட்டிப் பேராசிரியருக்கு போன் போட்டிருந்தாள். சந்தோஷத்தில் குரல் வயலெல்லாம் கேட்டது.

"சார், இங்கன ஒருத்தன் யாருக்கும் அடங்காம இருந்திருக்கான் சார்! நான் எழுதுனது தப்பு சார்! ஆதாரத்தோட தப்பு!"