சாய்வதற்கு ஒரு கயிறு

இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை வலி முதன்முதலாக இறங்கியபோது, ஓசூர் தொழிற்சாலையில் வார்ப்புப் பாகங்களைச் சோதிக்கும் மேசை முன் நின்றிருந்தேன். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். மாத்திரை, ஓய்வு, கனம் தூக்கக் கூடாது.

சலிப்பூட்டும் வைத்தியம்தான். ஆனால் அதுவே வைத்தியம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது போதவில்லை.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் கயிற்று யோகா நடப்பதை என் கணவர் முனிராஜ் கேள்விப்பட்டு வந்தார். "தொங்குனா எலும்பு பிரிஞ்சு எடம் குடுக்குமாம். எங்க மேனேஜர் சம்சாரத்துக்கே சரியாயிடுச்சு."

மேனேஜர் மனைவிக்குக் குணமானால் எல்லாருக்கும் குணமாகும் என்பது எங்கள் பக்கத்துத் தனி மருத்துவமுறை.

துணிக்கடைக்கு மேல் அந்தக் கூடம். சுவரெல்லாம் கொக்கிகள், வெள்ளைக் கயிறுகள். எந்த நோயும் இல்லாதவர்கள் வௌவாலைப் போலத் தொங்கி ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சிக்கொண்டை போட்ட மாஸ்டரிடம் ஸ்கேன் உறையை நீட்டினேன். அவர் தொடக்கூட இல்லை.

"பேப்பர் பேசக் கூடாது மேடம். பாடி பேசணும்."

சில வகுப்புகள் கழித்து, இடுப்பில் பட்டையை மாட்டி என்னைத் தலைகீழாக விட்டார். இறங்கியபோது வலியே இல்லை. மாஸ்டர் கைதட்டினார். மாடிப்படிக்கு வந்தபோது இடது பாதம் மேலே எழாமல் தரையைத் தேய்த்தது. பாடி பேசிவிட்டது.

"பெருவிரல மேல தூக்குங்கம்மா" என்றார் மருத்துவர். தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். அது அசையவில்லை.

ஃபுட் டிராப் (பாதத்தைத் தூக்கும் நரம்பு செயலிழத்தல்). மறுநாளே அறுவை சிகிச்சை. இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வலி திடீரென்று போய், காலில் பலமும் குறைந்தால் கொண்டாடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

காயம் ஆறியதும் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபிக்குப் போனேன். சிகிச்சையாளர் ரூபா கன்னடக்காரர், சிரிக்கத் தெரியாதவர். அவரும் கயிற்றை எடுத்தார்.

"மறுபடியும் கயிறா? நான் தொங்க மாட்டேன்."

"யாரு தொங்கச் சொன்னது? தொங்கறதுக்கு இல்லம்மா, சாயறதுக்கு."

கயிற்றை எனக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கம்பியில் கட்டி, வளையத்தை என் தொடையின் மேல்பகுதியில் மாட்டினார். கைகளை மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தேன். கயிறு இடுப்பைப் பின்னுக்கு இழுக்க, முதுகு நீண்டது. படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லை. பல மாதங்கள் அதைத்தான் செய்தேன்.

பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டைக்காலணியோடு ஒருநாள் ஜூஜுவாடிக்குப் போய், மாஸ்டரிடம் காலைக் காட்டினேன்.

"உங்க மனசுல பயம் இருந்துச்சு மேடம். அதான் ஒத்துக்கல" என்றார் மாஸ்டர்.

அவருக்குப் பதில் சொல்வது வீண். அவருக்குப் பின்னால் ஒரு பெண் இடுப்புப் பட்டையோடு தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"ஏம்மா, கால்ல வலி எறங்குதா?"

"ஆமாக்கா. மரத்தும் போவுது."

"உன் ஸ்கேன இவுரு பாத்தாரா?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கொக்கியைப் பார்த்தார். அவள் பட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு என்னோடு படியிறங்கினாள்.

என் பாதத்தில் பலமும் உணர்வும் முக்கால்வாசி திரும்பிவிட்டன. தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மீதிக் கால்வாசி உணர்வு வராது என்கிறார் மருத்துவர். தெருவில் சில சமயம் இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும்; நான் போய்க்கொண்டே இருப்பேன். யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். என் காலுக்கு நடப்பது இப்போதெல்லாம் ஊருக்கு முதலில் தெரிகிறது, எனக்குச் சற்றுப் பிந்தி.